விதைக்கு வைத்த அவரை

கைபேசி அடித்தபோது பச்சியப்பன் மூன்றாவது வேளையாக அதே அவரைக்கொட்டைக் குழம்பில் களியைத் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். களி ஆங்காங்கே கட்டி தட்டியிருந்தது. ஆனால் குழம்பைப் பற்றி, தானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அருமையாக வந்திருந்தது. மனைவி கண்ணம்மாள் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் பெங்களூர் போனதிலிருந்து அவர் வைத்த குழம்புகளில் மனுசன் வாயில் வைக்கிற பக்குவத்துக்கு வந்தது இது ஒன்றுதான். அந்தப் பெருமையில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்பிகாவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். ரிட்டயர் ஆன கண்டக்டருக்குச் சமைக்கவும் வரும் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே.

"சாப்டீங்களா?" என்றாள் கண்ணம்மாள்.

"சாப்புட்டுட்டுதான் இருக்கறன். கொழந்த எப்படி இருக்குது?"

"இருக்குது. ராத்திரி பூரா அழுவுது, பகலெல்லாம் தூங்குது. நான் சனிக்கெழம மத்தியானம் வந்துருவன். மாப்ள பஸ் ஏத்தி வுடறன்னாரு. இங்க பாருங்க, ஆடி பொறந்துருச்சு. அடுக்குப்பானை இருக்குதில்ல, அதுல அடிப்பானையில சாம்பல் போட்டு அவரை வெத வெச்சிருக்கறன். போன வருசம் போட்டது போவ மிச்சம். கொடிதான் மழையில்லாம கருகிப்போச்சே, இந்த மிச்சம்தான் இருக்குது. அத எடுத்து ஒரு வெயில் காய வெய்ங்க."

வாயிலிருந்த கவளம் வாயிலேயே நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, கத்தவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

"என்னாங்க, கேக்குதா?"

"கேக்குது. ஆவட்டும்."

"இங்க ஒன்னும் முடியலங்க. ஜன்னலத் தொறந்தா எதுத்த வூட்டு ஜன்னலுதான் தெரியுது. கீழ போனாலும் மண்ணு காலுல படல, எல்லாம் கல்லு பதிச்சு வெச்சிருக்கறாங்க. வந்ததும் மொத வேலை வேலியோரம் அவரையப் போடறதுதான். அத நெனச்சுக்கிட்டேதான் நாளத் தள்ளறன்."

போனை வைத்த பிறகு பச்சியப்பன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் நாலு கொட்டை மிச்சமிருந்தது. ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, வெந்து, இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை வைத்து இனி என்ன செய்ய முடியும்? கையைக் கழுவிவிட்டுப் போய் அடிப்பானையைத் தலைகீழாகத் தாளில் கொட்டினார். சாம்பலை விரலால் துழாவித் துழாவித் தேடியதில் இரண்டு கொட்டை கிடைத்தது. இரண்டிலும் வண்டு துளை போட்டிருந்தது.

அவர் மேல் தப்பு சொல்லவும் முடியாது, சொல்லாமலிருக்கவும் முடியாது. புறப்படுவதற்கு முன்னால் கண்ணம்மாள் அடுப்படியில் நின்று எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் செய்தாள். "எல்லாம் தெரியும், நீ பஸ்ஸப் புடி" என்று விரட்டியவர் அவர்தான். தருமபுரி பொம்மிடி வழித்தடத்தில் எந்த மரத்தடியில் எந்த ஊர்க்காரர் ஏறுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொந்த வீட்டு அடுக்குப்பானையில் எது எந்தப் பானையில் என்று தெரியாது. சாம்பல் போட்டிருந்ததைப் பார்த்தபோது, வண்டு விழாமலிருக்கப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தார். அது சரியும்கூட. எதற்காக வண்டு விழக் கூடாது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

விதை எடுத்து வைப்பது அவருக்கும் தெரியாத காரியம் இல்லை. வேலையை விட்டு வந்த பிறகு கால் ஏக்கரில் தக்காளி போட்டுப் பார்த்தார். கம்பெனி பாக்கெட்டில் பாதி மிஞ்சியதை ரப்பர் பேண்ட் போட்டு மொபெட் பெட்டிக்குள் வைத்தார். சித்திரை வெயில் முழுக்க அது அங்கேயே வெந்தது. அடுத்த பட்டத்துக்குத் தூவியபோது ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனியைத் திட்டினார். கண்ணம்மாள் தன் அவரைக்கொடிக்குப் பந்தல் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அவரைக்கு வீட்டில் கரையவரை என்று பேர். பச்சைக் காயின் விளிம்பில் சேலைக்குக் கரை பிடித்த மாதிரி ஊதா ஓடும். ஆடியில் போட்டால் கிளுவை வேலி முழுக்கப் படர்ந்து, மார்கழிப் பனியில் பூத்துத் தள்ளிவிடும். பொரியலுக்கு அடுப்பில் வைத்தால் தெருமுனையிலேயே மணம் தெரியும். எவ்வளவு காய்த்தாலும் கண்ணம்மாள் கிழக்கு ஓரத்துக் கொடியில் கை வைக்க மாட்டாள். "முத்திப் போவுதே, பறிக்கலயா?" என்று அவர் கேட்டால், "அது வெதைக்கு" என்பாள். அந்த ஒரு பதிலோடு பேச்சு முடிந்துவிடும். விதைத்தது போக மிஞ்சியதை மறுபடி சாம்பலில் வைத்துவிடுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். கொடுத்த பிறகும் அவளிடம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். இப்போது இல்லை. அதை நினைக்கையில் அவருக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கும் உள்ளே வருத்தம்.

மறுநாள் காலையிலேயே கடத்தூருக்குப் போனார். விதைக்கடையில் அவரை என்று கேட்டதும் பளபளவென்று ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார்கள். செடியவரை, சீக்கிரம் காய்க்கும் என்றார்கள். உள்ளே கொட்டைகள் மருந்து தடவி இளஞ்சிவப்பில் மின்னின. கண்ணம்மாள் அதைப் பார்த்தால் மிட்டாய் என்று நினைப்பாள். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குள் நுழைந்தார். கரையவரைக் கொட்டை கறுப்பு. சந்தையில் இருந்ததெல்லாம் வெளுத்த மொச்சை. சுற்றிச் சுற்றி வந்ததில் மூலையில் ஒருத்தியிடம் கறுப்பில் கொஞ்சம் இருந்தது. என்ன ஊர் மொச்சை, என்ன சாதி என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும் என்று துண்டில் முடிந்துகொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? அம்பிகா வீட்டில் இன்னும் விறகடுப்பில்தான் வெந்நீர் போடுகிறார்கள். ஒரு முறத்தோடு போய் நின்றார்.

"சாம்பல் எதுக்குங்கண்ணா?" என்றாள் அம்பிகா.

மழுப்பிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை. நடந்ததைச் சொன்னார். அம்பிகா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, நானும் தின்னனேங்கண்ணா. சப்புக்கொட்டித் தின்னன்."

"உன்கிட்ட இருக்குதாம்மா, அவ குடுத்தது?"

"ரெண்டு தடவை குடுத்தாங்க. ரெண்டு தடவையும் கடைசிக் காய் வரைக்கும் பறிச்சுப் பொரியல் பண்ணிட்டன். வெதைக்குன்னு வுடல. தீந்தா அக்காகிட்ட கேட்டுக்கலாம்னு இருந்துட்டன். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தாண்ணா."

துண்டில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அம்பிகா மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெதைய மாத்தி ஏமாத்தலாம். கொடிய எப்படிண்ணா ஏமாத்துவீங்க? மார்கழில காய் வந்துருமே."

மார்கழி வரைக்கும் அந்தக் கொடிக்குத் தினமும் கண்ணம்மாள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதை நினைத்ததும் பச்சியப்பனுக்கு அந்த மொச்சையைத் தொடவே பிடிக்கவில்லை. அவர் முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அம்பிகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"முனியம்மாக்கா வூட்டுல இருக்குதுங்கண்ணா. பின்னால தண்ணி போற எடத்துல வருசா வருசம் போடறாங்க. ஆடு ஓட்டிட்டுப் போறப்ப பாத்திருக்கறன். கண்ணம்மாக்கா காதுல வுழ வேணாம்னு யாரும் சொல்லல."

முனியம்மாள் வேறு யாரும் இல்லை, பச்சியப்பனின் அண்ணி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. அண்ணன் மாதேஸ்வரனும் அவரும் பாகம் பிரித்துக்கொண்டபோதுகூட இரண்டு பெண்களும் ஒரே உரலில்தான் மாவு ஆட்டினார்கள். சண்டை வந்தது இந்த அவரையால். ஒரு வருடம் மழை நன்றாகப் பிடித்து, கொடி வேலியைத் தாண்டி அண்ணியின் ஆட்டுக்கொட்டாய்க் கூரை மேல் ஏறிக்கொண்டது. வேலிக்கு இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம்தான் காய். "எங்க கொட்டாய் மேல காய்ச்சது எங்களுது" என்று முனியம்மாள் பறித்தாள். அதை விளையாட்டாகச் சொன்னாளா, வினையாகச் சொன்னாளா என்று இன்றுவரைக்கும் தெரியாது. மறுநாள் விடியற்காலையில் கண்ணம்மாள் அரிவாளோடு போய், வேலியைத் தாண்டுகிற இடத்தில் கொடியை அறுத்துவிட்டாள். காயும் பூவுமாகக் கூரை மேல் கிடந்தது அத்தனையும் இரண்டே நாளில் வாடிச் சுருண்டது. காய்த்த கொடியை அறுக்கலாமா என்று ஊரே கேட்டது. அவளும் தன்னையே கேட்டிருப்பாள். ஆனால் கேட்டதை வெளியே சொல்கிற ஆளில்லை. அதோடு பேச்சு நின்றது. அண்ணன் செத்தபோது கண்ணம்மாள் போய் முனியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காரியம் முடிந்த மறுநாள் மறுபடி பேச்சில்லை. கொழுந்தனிடம் மட்டும் தெருவில் பார்த்தால் முனியம்மாள் இரண்டு வார்த்தை பேசுவாள். அவர் அந்த வீட்டு வாசல் ஏறி வருடக்கணக்காகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார். வேலியில் ஒரு ஆள் நுழைகிற சந்து இருந்தது. இருந்தாலும் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனார். முனியம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா கொழுந்தனாரே, வழி தெரிஞ்சுதா?"

தொப்பூரில் டயர் கடை வைத்திருக்கும் அவள் மகன் சத்யராஜைப் பற்றிக் கேட்டார். மழையைப் பற்றிக் கேட்டார். ஆடு எத்தனை மாதச் சினை என்று கேட்டார். முனியம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, இவர் எதற்கு வந்தார் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அவ வெச்சிருந்த அவரை வெதைய கொழம்பு வெச்சுத் தின்னுட்டன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் முகம் மாறிவிட்டது.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாளைக்கு மத்தியானம் வரா."

முனியம்மாள் கையிலிருந்த கயிற்றை இரண்டு தடவை முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சே போதும். "வெள்ளிக்கெழமயில வெத வூட்ட வுட்டு வெளிய போவாது" என்றாள். "காலையில வா."

காலையில் அவர் போனபோது கயிற்றுக் கட்டிலில் பால் பவுடர் டப்பா ஒன்று தயாராக இருந்தது. அவள் மூடியைத் திறந்து அவர் விரித்த துண்டில் கவிழ்த்தாள். சிவப்புச் சிவப்பாக உருண்டைகள் விழுந்தன. ஒவ்வொரு கொட்டைக்கும் மேலே செம்மண் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. டப்பாவின் பின்புறத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். இன்னும் ஒன்று விழுந்தது.

"உன் பொண்டாட்டி சாம்பல்ல வெப்பா. நான் செம்மண்ணக் கரைச்சுப் பூசி வெப்பன். ஒன்னா இருந்தப்பவே இதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஆவாது. சாம்பல்தான் நல்லதும்பா, மண்ணுதான் நல்லதும்பன். உங்கண்ணன் ரெண்டுலயும் வண்டு வுழலயேன்னு சொல்லிட்டுப் போயிருவாரு."

அவர் துண்டை முடிந்தார். அவளே சொன்னாள், அவரைப் பார்க்காமல், ஆட்டுக்கொட்டாய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அன்னைக்கு அவ கொடிய அறுத்துட்டுப் போனதும் நான் மேல ஏறி, முத்தின காயா தேடித் தேடி எடுத்தன். ஆச வெச்சு எடுக்கல, ஆத்திரத்துலதான் எடுத்தன். என்னைக்காவது ஒரு நாளு அவகிட்ட இல்லாமப் போவும், அன்னைக்கு என்கிட்ட இருக்கணும்னு. வருசா வருசம் அதுக்குத்தான் போட்டன்." டப்பாவுக்கு மூடியைப் போட்டுக்கொண்டே, "இப்ப அந்த நாளு வந்துருச்சு. ஒன்னும் சந்தோசமா இல்ல போ" என்றாள்.

"அண்ணி..."

"நான் குடுத்தன்னு மட்டும் சொல்லிராத. சொன்னா அவ போட மாட்டா. கொட்ட வீணாப் போயிரும். செம்மண்ணயும் கழுவிராத."

கழுவாமல் எப்படி மறைப்பது? இத்தனை வருடம் பஸ்ஸில் எத்தனையோ பேர் சொன்ன பொய்யைக் கேட்டுச் சிரித்தவருக்கு, சொந்தமாக ஒரு பொய் கட்ட வரவில்லை. அம்பிகா வீட்டுச் சாம்பலை அள்ளிச் செம்மண்ணுக்கு மேலேயே தேய்த்தார். சாம்பலும் மண்ணும் கலந்து, வெந்தும் வேகாத செங்கல் மாதிரி ஒரு நிறம் வந்தது. அப்படியே அடிப்பானைக்குள் போட்டு, மேலே இன்னும் இரண்டு கை சாம்பலைக் கொட்டி, பானைகளை அடுக்கிவிட்டு, குளித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

கண்ணம்மாள் இளைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கக்கூட இல்லை, அடுக்குப்பானையிடம் போனாள். காய வைத்துவிட்டேன், எடுத்தும் வைத்துவிட்டேன் என்று அவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். கை உள்ளே இருந்தபோதே அவள் தலை லேசாகச் சாய்ந்தது. கொட்டையின் தடிமன் விரலுக்குத் தெரிந்திருக்கும். வெளியே எடுத்து ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள். சாம்பல் போய் சிவப்பு தெரிந்தது. இன்னொன்றைத் தேய்த்தாள். அதுவும் சிவப்பு.

பானையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னுது எங்க?"

"தின்னுட்டன்." மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோனது. "தெரியாம கொழம்பு வெச்சுட்டன். அம்பிகாவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சா?"

"ம். நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா என்று அவர் பார்ப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். தப்பு செய்தவர் அவர். ஆனால் அவள் அழுதது அவருக்காகவோ குழம்புக்காகவோ இல்லை என்பது அவருக்கும் புரிந்தது.

"நான் அறுத்தனே, அந்தக் கொடியில எடுத்ததா?" என்றாள்.

"ஆமா."

"தனக்கு வெச்சுக்கிட்டாளா?"

அதைக் கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கவிழ்த்த டப்பாவும் தட்டின உள்ளங்கையும்தான் நினைவுக்கு வந்தது. "டப்பாவத் தட்டிக் கொட்டுனாங்க" என்றார்.

கண்ணம்மாள் எழுந்து சோறு போட்டுத் தின்றாள். கொஞ்ச நேரம் படுத்தாள், தூங்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்க் குழி பறித்தாள். மண் கெட்டியாக இருந்தது, ஒவ்வொரு கொத்துக்கும் மூச்சு வாங்கியது. அவர் போய்க் கொத்தை வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. குழிகளுக்குத் தண்ணீர் விட்டு ஊறவைத்துவிட்டு, உள்ளே போய்ப் பானையையும் முறத்தையும் கொண்டுவந்தாள். கொட்டைகளைச் சாம்பல் போகப் புடைத்தாள். பிறகு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் அவற்றை இரண்டாகப் பிரித்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம் கூடியது போலிருக்கவே, அங்கே இரண்டு தள்ளினாள். மறுபடி பார்த்தாள். நல்ல பருமனான ஒன்றை எடுத்து அதையும் அங்கேயே தள்ளினாள். தன் பாதியை மடியில் கட்டிக்கொண்டாள். மற்றதை முறத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் முனியம்மாள் ஆட்டுக்கொட்டாயைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆள் தெரியவில்லை, கிளுவை அடர்த்தி. சரக் சரக் என்று விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் வந்தது. கண்ணம்மாள் வேலியை ஒட்டிப் போய் நின்றாள். கூப்பிட வேண்டும். அக்கா என்றுதான் கூப்பிடுவாள் ஒரு காலத்தில். இத்தனை வருடமாக அவள் பேச்சில் அந்தப் பக்கத்து ஆளுக்கு 'அவ' என்ற ஒரே பேர்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டாள். திரும்பி வந்துவிடுவாளோ என்று வாசற்படியில் நின்ற பச்சியப்பன் பயந்தார். தானே போய்க் கூப்பிடலாமா என்று ஓரடி எடுத்து வைத்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

கண்ணம்மாள் தொண்டையைச் செருமினாள்.

விளக்குமாறு நின்றது.

இருட்டினால் விதை கைமாறக் கூடாது; இன்னும் கொஞ்சம்தான் வெளிச்சம் இருந்தது. கண்ணம்மாள் குதிகாலை உயர்த்தி, இரண்டு கையாலும் முறத்தை வேலிக்கு மேலே நீட்டினாள். முறம் லேசாகச் சாய்ந்ததில் சிவந்த கொட்டைகள் உருண்டு முறத்தின் ஒரு ஓரத்தில் சேர்ந்தன. முறத்தை அவள் கீழே இறக்கவில்லை.